மீனும் பேனும்

சென்ற ஆண்டு தசலட்சணப் பருவத்தின் மூன்றாம் நாள், ஆலயத்தில் அபிஷேகம் முடிந்து வீடு திரும்பியிருந்தோம். உறவில் பேரன் முறையாகும் இளைஞன் ஒருவன் நம்மைக் காண வந்தான். உயிர்வேதியியலில் பட்டம் பெற்றவன். ஆந்திராவில் கொல்லேறு ஏரியை அடுத்த கைகலூர்ப் பக்கம் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. மீன் வளர்க்கும் குளங்களுக்கு மருந்து தயாரித்து விற்கும் நிறுவனம் ஒன்றில், குளம் குளமாகச் சென்று நோயைக் கண்டறிந்து, மருந்தை எழுதிக் கொடுத்து, விற்றும் வரவேண்டிய வேலை.

அவனைப் பெற்ற தாயின் தாய், நம் வயதினர், இதற்கு இசையவில்லை. இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் நஞ்சு வாணிபமும் ஒன்றென்று நூல்கள் கூறுவதை எடுத்துக்காட்டி, அந்தப் பணத்தில் வாங்கிய எண்ணெயால் தம் வீட்டு விளக்கு எரியாது என்று சொல்லிவிட்டார். பையன் கேட்டான்: “பாட்டி, நோயுற்ற உயிருக்கு மருந்து கொடுப்பது ஔஷத தானந்தானே? நான்கு தானங்களுள் ஒன்றுதானே? மீனைப் பிடிப்பவன் நான் இல்லை. உண்பவனும் இல்லை. சாகிற மீனைப் பிழைக்க வைக்கிறேன். இதில் பாவம் எங்கே வந்தது?”

அன்று நேர்மை அறத்துக்குரிய நாள். உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பினோம். அப்படிப் படித்ததையும் எண்ணியதையும் இங்கே எழுதுகிறோம்.

அவன் விற்க இருந்த மருந்து மீன் பேனுக்கானது. ஆர்குலஸ் என்பது அதன் அறிவியற் பெயர். தட்டையாய், வட்டமாய், உள்ளே இருப்பது வெளியே தெரியுமளவு மெல்லியதாய், துவரம்பருப்பு அளவில் இருக்கும். அடிப்புறத்தில் இரண்டு உறிஞ்சு கிண்ணங்கள் உண்டு. அவற்றால் மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் தோலைத் துளைத்து, குருதியையும் ஊனீரையும் உறிஞ்சும். துளைத்த இடம் சிவந்து புண்ணாகும். அப்புண் வழியே வேறு நோய்க்கிருமிகள் நுழையும். பேன் ஏறிய மீன் தரையிலும் கழியிலும் உடலைத் தேய்க்கும், நீரைவிட்டுத் துள்ளும், இரை எடுக்காமல் இளைக்கும். ரோகு, கட்லா முதலிய கெண்டை இனங்களுள் ரோகுவையே இது மிகுதியாகப் பற்றுகிறது. பெண் பேன் முட்டையிடுவதற்கு மீனைவிட்டு நீங்கி, கல், கழி, கரைச்சுவர் போன்ற கடினமான இடம் தேடி வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிவைக்கிறது. ஆகவே மீனின் மேலுள்ள பேனை ஒழித்தாலும் சில வாரங்களில் அடுத்த தலைமுறை வந்துவிடும். மருந்தை மறுபடியும் இட வேண்டும்.

அம்மருந்துகளுட் சில, நம் வயல்களில் பூச்சிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகையைச் சேர்ந்தவை. பேனைக் கொல்லும் அளவில் இட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும். அந்நீரில் வாழும் இறால், நண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகியவை பிழைப்பது அரிது.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பப்பள்ளியில் பெண்பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டு பாடத்தில் மனம் செல்லாமல் இருப்பதைப் பார்த்து, தாய்மாரை அழைத்து, “தலைக்கு மருந்து தடவுங்கள்” என்று ஆண்டுதோறும் சொன்னவர்கள் நாம். நம் பாட்டி தலை வாரினால் விழுந்த பேனை நசுக்க மாட்டார். பழந்துணியில் எடுத்து நிழலான மூலையில் விடுவார். நாமோ சுகாதாரப் பாடம் நடத்தியவர்கள். நாற்பது பிள்ளைகளின் தலைப்பேனுக்கு மருந்து சொன்ன நாம், நாலாயிரம் மீனின் பேனுக்கு மருந்து சொல்பவனை எந்த வாயால் தடுப்பது?

உடனே மனத்தில் எழும் கணக்கு புலன்களின் கணக்கு. மீன் ஐயறிவு உயிர். பேனை நம் ஆகமங்கள் மூவறிவு உயிர்களுள் வைக்கின்றன. மேலான புலனுடைய உயிரைக் காக்க, குறைந்த புலனுடையதை இழக்கலாமன்றோ என்பது அக்கணக்கு. ஆனால் மீன் பேன் பெயரால்தான் பேன். இனத்தால் அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. நன்கு வளர்ந்த கூட்டுக் கண்கள் உடையது. நண்டைத் தொல்காப்பியர் மரபியலில் நான்கறிவு உயிராக வகுத்தார். ஆக, பேன் என்னும் பெயரைக் கேட்டு நாம் ஒரு புலனைக் குறைத்துவிட்டோம். உயிரைத் தராசில் வைப்பவன் கை இப்படித்தான் தவறும்.

தராசே கூடாது என்பது அமிர்தசந்திர ஆசாரியர் கருத்து. ஒரு கொடிய உயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்குமே என்று எண்ணிக் கொல்லுதல் ஆகாது என்றும், துன்புறும் உயிரைத் துன்பத்தினின்று விடுவிக்கிறோம் என்று கருதிக் கொல்லுதலும் ஆகாது என்றும் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அவர் விலக்குகிறார். கருணையின் வேடத்தில் வரும் கொலையை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும். இளமையில் இதைப் படித்தபோது கடுமையான விதியாகத் தோன்றியது. பாம்பையும் புலியையும் நினைத்துக்கொண்டு படித்ததனால் அப்படித் தோன்றியிருக்கலாம். பேனை நினைத்துக்கொண்டு படித்தால் வேறொரு கேள்வி பிறக்கிறது: இத்தனை பேன் எங்கிருந்து வந்தது?

ஆற்றிலும் ஏரியிலும் மீன் பேன் என்றும் உண்டு. அங்கே ஒரு பேன் ஒரு மீனை விட்டால் அடுத்த மீனைத் தேடி நெடுந்தூரம் அலைய வேண்டும்; அலைகையில் பெரும்பாலானவை மடியும். குளத்திலோ மீனை அடுத்து மீன். துளையிட்ட சாக்குகளில் தவிடும் பிண்ணாக்கும் நிரப்பிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் கூட்டமாய்ச் சூழ்ந்து துளை வழியே உறிஞ்சி உண்கின்றன. உடலோடு உடல் உரசுகையில் பேன் எளிதில் இடம் மாறுகிறது. நெருக்கத்தை உண்டாக்கியவன் மனிதன். நெருக்கம் பேனை வளர்த்தது. பேனை ஒழிக்க மருந்து வந்தது. மருந்து கைவசம் இருக்கிறதென்ற துணிவில் இன்னும் சில ஆயிரம் குஞ்சுகளைக் கூடுதலாக விடுகிறார்கள். இளைஞன் பார்த்தது இவ்வரிசையின் மூன்றாம் கண்ணியை மட்டும்.

இவ்வரிசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய, இத்தொழிலில் நமக்கு முன்னே நெடுந்தூரம் சென்ற நாட்டைப் பார்த்தோம். அது வடகடலோரத்து நார்வே. செத்த மீனை எண்ணி ஆண்டுதோறும் கணக்கு வெளியிடும் நாடு என்பதால் அதைத் தேர்ந்தோம். அங்கே 1970-ஆம் ஆண்டையொட்டி, கடலில் வலைக்கூண்டு மிதக்கவிட்டு அதற்குள் சால்மன் மீனை வளர்க்கும் தொழில் வேரூன்றியது. இன்று ஒரு கூண்டில் 2 லட்சம் மீன்கள் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அங்கும் ஒரு பேன் உண்டு. ஆர்குலசுக்குத் தூரத்து உறவு. சால்மனின் தோலையும் குருதியையும் உண்பது. காட்டுச் சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும்போது நன்னீர் பட்டு இப்பேன் தானே உதிரும் என்பது இயற்கையின் ஏற்பாடு. கூண்டு மீன் ஆற்றுக்குத் திரும்புவதில்லை. இரண்டு மீனுக்குச் சராசரியாக ஒரு முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அரசு அங்கே வரம்பு கட்டியிருக்கிறது. கூண்டிலுள்ள மீனைவிட, கூண்டைக் கடந்து செல்லும் காட்டு மீன் குஞ்சுகளைக் காப்பதே அவ்வரம்பின் முதல் நோக்கம்.

முதலில் மருந்திட்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்துக்கு அசையாத பேன்கள் பிறந்தன. பிறகு மருந்தைக் குறைத்து, பேனைப் பிரிக்கும் இயந்திரங்களுக்கு மாறினார்கள். மீன்களைக் குழாய் வழியே உறிஞ்சிக் கப்பலுக்கு ஏற்றி, நீரைப் பீய்ச்சியோ தூரிகையால் தேய்த்தோ பேனை உதிர்ப்பது ஒரு முறை. வெந்நீர்க் குளியல் மற்றொன்று. குளிர்கடலில் வாழும் மீனை 28 முதல் 34 பாகை வெப்பமுள்ள நீரில் அரை நிமிடம் போலத் தள்ளுகிறார்கள். நமக்கு அது இதமான சூடு. அம்மீன்களோ அதில் வெறிபிடித்தாற்போல மோதித் துடிக்கின்றன. 28 பாகைக்கு மேற்பட்ட நீர் சால்மனுக்கு வலி தருகிறதென்று அந்நாட்டு ஆய்வாளர்களே கண்டார்கள். இவ்வாறு பேன் நீக்கும்போது ஏற்படும் காயங்கள் மீன் சாவின் முதன்மைக் காரணங்களுள் அடங்கும் என்று அந்நாட்டுக் கால்நடை நிலையத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. 2023-ஆம் ஆண்டில் மட்டும் கடற்கூண்டுகளில் மடிந்த சால்மன் 6 கோடியே 28 லட்சம், நூற்றுக்கு 16.7. இது எல்லா நோய்களும் சேர்ந்த கணக்கு. விற்பனைக்காகக் கொன்றவை இதில் சேரா.

இன்னொன்றைப் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்தோம். சால்மன் மேலுள்ள பேனைக் கொத்தித் தின்னும் சிறு மீன் இனங்கள் சில உண்டு. அவற்றைத் துப்புரவு மீன் என்கிறார்கள். மருந்தும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், இயற்கை தந்த வைத்தியன் என்று மகிழ்ந்து அவற்றைக் கடலில் பிடித்தும், தனியே வளர்த்தும் கூண்டுகளில் விட்டார்கள். 2019-ஆம் ஆண்டில் இவ்வாறு விட்டவை ஐந்து கோடிக்கும் மேல். கடற்பாறை இடுக்கில் ஒதுங்கி வாழப் பிறந்தவை, ஒதுங்க இடமில்லாத வலைக்குள், அலையிலும் குளிரிலும் நோயிலும் பெரும்பாலும் மடிந்தன. ஒரு மீனைப் பேனிலிருந்து காக்க மற்றொரு மீனைப் பலியிட்டார்கள். காக்கப்பட்ட மீனுக்கும் பலியிடும் நாள் குறித்தாயிற்று. பேனுக்குப் பரிந்து பேசவோ எவருமில்லை. இதை வகுத்தவர் யாரும் கொடியவர் அல்லர். ஒவ்வொருவரும் முன்னவர் செய்த தீங்கைக் குறைக்கவே முயன்றார்கள்.

மீனின் மேல் ஒட்டி வாழும் உயிரைப் பற்றி நம் முன்னோர் ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுயம்புரமணக் கடலில் மகாமச்சம் என்னும் பெருமீன் உண்டு. அதன் காதில் அரிசியளவே உடைய தண்டுல மச்சம் குடியிருக்கும். காதழுக்கே அதன் உணவு. பெருமீன் வாய் திறந்தபடி உறங்குகையில் மீன்கள் பல உள்ளே நுழைந்து வெளியேறும். அதைப் பார்த்து அச்சிறுமீன், “இவ்வாய் எனக்கிருந்தால் ஒன்றைக்கூடத் தப்பவிடேன்” என்று எண்ணிக்கொண்டேயிருக்கும். ஒரு மீனையும் தின்றதில்லை, தின்ன இயலாது. இருந்தும் அந்த எண்ணத்தாலேயே ஏழாம் நரகம் புகுந்தது. பொன்னூர் மலையில் நாம் பாதம் வணங்கும் குந்தகுந்த ஆசாரியரும் பாவத்தின் வலிமையைச் சொல்லுமிடத்தில் இம்மீனைக் குறிப்பிட்டிருக்கிறார்.

குழந்தைகளுக்கு இக்கதையைச் சொன்னபோதெல்லாம், “அந்தச் சின்ன மீன் பாவம்” என்பார்கள். நமக்கும் தண்டனை மிகையாகவே தோன்றும். பையனின் வேலை நியமனக் கடிதத்தைப் படித்தபோது அது மிகையாகத் தோன்றவில்லை. மாதச் சம்பளம் ஒரு பகுதி. விற்பனை இலக்கை எட்டினால் வருவது மறுபகுதி. நோய் பரவாத ஆண்டில் இலக்கு எட்டாது. பக்கத்துக் குளத்தில் பேன் வந்ததென்று கேட்டால், வருந்தும் முன்பே மனம் ஒரு கணக்குப் போட்டுவிடும். மருந்தைக் கையில் வைத்திருப்பவன் நோயை விரும்பத் தொடங்குவான். விரும்புகிறோம் என்பதும் அவனுக்குத் தெரியாது. அமர்ந்த இடத்தில், ஒன்றையும் கொல்லாமல், அவனும் அந்தக் காதுக்குள் குடியேறிவிடுவான். பேன் சாவதைவிட இதற்கே நாம் அஞ்சினோம். மனித வைத்தியனுக்கும் இவ்வாபத்து உண்டே எனலாம், உண்டு. ஆனால் பிழைத்தெழும் நோயாளி வீடு திரும்புவான் என்னும் ஆறுதல் அவனுக்கிருக்கிறது. மீன் வைத்தியன் பிழைக்க வைப்பது சந்தை நாள் வரைக்குந்தான்.

இதை எழுதும்போது நம்மவர்க்கு ஒரு நிம்மதி தோன்றக்கூடும்: நாம் மீனும் உண்ணோம், மீன் தொழிலும் செய்யோம். வலை வீசி ஒன்றும் அகப்படாத மீனவன் பாவி என்றும், ஏர் உழுகையில் எண்ணற்ற உயிர் மடிந்தாலும் உழவன் அப்படிப்பட்டவன் அல்லன் என்றும் நம் நூல்கள் சொல்லும் ஒப்புமை உழவர்களாகிய நமக்கு மிகவும் உவப்பானது. உழவன் மனத்தில் கொலை எண்ணம் இல்லை என்பதே காரணம். நன்று. ஆனால் வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து நம் நிலங்களில் விளைவது நெல்லும் மணிலாவும். செக்கிலும் ஆலையிலும் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கும் தவிடும் எங்கே போகின்றன என்று நாம் கேட்டதுண்டா? மாட்டுக்குப் போனது போக, மீன் குளங்களில் தொங்கும் சாக்குகளுக்குள்ளும் அவையே இருக்கின்றன. பிண்ணாக்கு விலை ஏறினால் மணிலா விலை ஏறும், ஏறினால் மகிழ்கிறோம். ஊர் ஏரியின் மீன் பாட்டம் ஆண்டுதோறும் ஏலம் போகிறது. அப்பணத்தில் போட்ட தெருவிளக்கின் கீழ்தான் நம் வீட்டுத் திண்ணையும் இருக்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாகப் பிரித்த முன்னோர் மூன்றாவதை வெறும் எண்ணிக்கை நிரப்பவா வைத்தார்கள்? பூச்சிமருந்துக் கடை வைத்திருப்போர் நம்மவரிலும் உளர். அவர்கள் வீட்டுத் திருமணத்தில் யாரும் உண்ணாமல் எழுந்ததில்லை. பையன் ஒருவனை மட்டும் வாசலில் நிறுத்திக் கேட்பது நேர்மையாகாது என்பதை அவன் பாட்டியிடமும் சொன்னோம். அவர் கோபித்துக்கொண்டார், ஒரு மாதம் பேசவில்லை.

நாம் அவனுக்குக் கூறிய விடைக்குத் துணையாக நின்றது மிருகசேனன் கதை. மிருகசேனன் மீனவன். முனிவரிடம் விரதம் கேட்டான்; தொழிலை விட இயலாதவனாகையால், வலையில் முதலில் விழும் மீனை விட்டுவிடு என்று முனிவர் கட்டளையிட்டார். முதல் மீனுக்கு அடையாளம் கட்டி விட்டான். அன்று அதே மீன் ஐந்து முறை வலையில் விழுந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பினான். மனைவி கதவடைத்தாள். வெளியே படுத்தவன் பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் அவ்வைந்து முறைக்கும் ஈடாக உயிராபத்துகளிலிருந்து தப்பினான் என்பது கதை. இதை மீனுக்கு இரங்கியவன் கதையாகவே பாடத்தில் சொல்லி வந்தோம். இப்போது நம் கண்ணில் பட்டது, அவன் அன்றைய கூலியை இழந்தான் என்பது. மற்ற மீனை அவன் பிடிக்கலாம், விரதம் தடுக்கவில்லை. அன்று அவனுக்கு வாய்த்தது அந்த ஒரு மீன்தான். அதை விட்டதனால் அவன் அடுப்பு எரியவில்லை. குளத்துக்காரர் மருந்திடும்போது அவர் அடுப்பு இன்னும் நன்றாக எரிகிறது. அதைத் தானம் என்று எப்படி அழைப்பது?

ஆகவே பையனிடம் இவ்வாறு சொன்னோம்: “இது ஔஷத தானம் இல்லை, விலைக்கு விற்பது தானம் ஆகாது. அந்தப் பெயரை இதற்கு வைக்காதே. ஆனால் கண்முன் சொறிந்து துடிக்கும் மீனுக்கு உதவாமல் நிற்பதையும் அகிம்சை என்று சொல்ல மாட்டோம். வேறு வேலை கிடைத்தால் அதற்குப் போ. கிடைக்கும்வரை இதைச் செய்வதானால், மிருகசேனன் போல ஒரு விரதம் எடுத்துக்கொள். எந்தக் குளத்துக்குப் போனாலும் முதலில், மீனைக் குறைத்து விடுங்கள் என்று சொல். மூங்கிற்கழிகளை ஊன்றிவைத்தால் பேன் அதில் முட்டையிடும், கழியை எடுத்துவிட்டால் பெருகாது என்று சொல். மருந்தைக் கடைசியில் சொல். இதனால் இலக்கு எட்டாது, சம்பளம் குறையும். குறைந்ததைக் கண்டு உன் மனம் என்ன சொல்கிறதென்று பார்த்து எழுது.”

அவன் தலையசைத்தான். தங்கையின் திருமணக் கடன் இருந்ததால் வேலையில் சேர்ந்தான். பாட்டியின் விளக்குக்கு எண்ணெய், அவன் அப்பா நிலத்து மணிலாவிலிருந்து வருகிறது. அதன் பிண்ணாக்கைப் பற்றி அவரிடம் நாம் மறுபடி பேசவில்லை.

பொங்கலுக்கு முன் கடிதம் வந்தது. இதுவரை இரண்டு முறைதான் இலக்கு எட்டினானாம். மீனைக் குறைக்கச் சொன்னால் குளத்துக்காரர்கள் சிரிக்கிறார்களாம். ஒருவர் மட்டும், முந்தைய ஆண்டு பெருத்த நட்டப்பட்டவர், ஒரு குளத்தில் குறைத்து விட்டுப் பார்க்கிறேன் என்றாராம். கழி ஊன்றுவதற்குப் பலர் இசைந்திருக்கிறார்கள். அது பழைய வழக்கந்தானாம், செலவும் குறைவாம். கழியைப் பிடுங்கி வெயிலில் போட்டால் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்துவிடுகின்றன என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: “அந்த முட்டைகளுக்கு என்ன சொல்கிறீர்கள், பாட்டி?”

இன்னும் பதில் எழுதவில்லை.